மாடியில் குடியிருந்த காட்டுவாசிகள்

காட்டுக் கதை காமிக்ஸ் எல்லாவற்றிலும் ஒரு தொப்பிக்காரன் வருவான். விமானம் விழுந்தோ, ஆற்றில் அடித்துக்கொண்டு போயோ, வெளியுலகம் அறியாத ஒரு பள்ளத்தாக்கில் போய்ச் சேருவான். அங்கே யார் கண்ணிலும் படாமல் ஒரு பழங்குடி வாழும். கழுத்தில் எலும்பு மாலை, கையில் ஈட்டி, வாயில் 'ஊகா ஊகா'. அவனைக் கம்பத்தில் கட்டிப்போட்டு, அடுப்பில் அண்டாவை ஏற்றுவார்கள். அவன் எப்படியோ தப்பித்து, போகிற போக்கில் அவர்கள் சாமியின் கண்ணிலிருக்கும் ரத்தினத்தையும் பிடுங்கிக்கொண்டு ஊர் திரும்புவான். அது திருட்டு என்று எந்தக் கதையிலும் யாரும் சொன்னதில்லை.

நான் ஆனைமலைக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் ஒரு பதியில் பிறந்தவன். எங்கள் ஆட்களின் குடியிருப்பைப் பதி என்றுதான் சொல்வோம். அரசு விடுதியில் தங்கிப் படித்தபோது பழைய புத்தகக் கடைகளில் இந்தக் காமிக்ஸைப் பிடித்தேன், அல்லது அது என்னைப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், படிக்கும்போதெல்லாம் நான் தொப்பிக்காரனின் கட்சி. ஈட்டி பிடித்தவன் என் மாமன் ஜாடையில் இருந்தாலும், அவன் ஒழியட்டும் என்றுதான் பக்கத்தைப் புரட்டுவேன். அப்படி எழுதியிருக்கிறார்கள், பாவிகள்.

வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குக் குடிவந்தோம். இந்த ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் குடிக்கத் தண்ணீர் தருவார்கள். அப்புறம் "எந்த ஊருங்க?" அதற்கும் அப்புறம் "என்ன கூட்டமுங்க?" கூட்டம் என்றால் குலப்பிரிவு. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே விஷயத்தைக் கறந்துவிடுகிற கேள்வி அது. எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா முதல் கேள்வியைக் கேட்டதும், "ஆனைமலைப் பக்கமுங்க" என்றேன்.

"ஆனைமலைன்னா தென்னந்தோப்பு இருக்குமுங்களே" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். தோப்புக்காரர் என்றால் தங்கள் ஆள் என்று அவர் கணக்கு; இரண்டாவது கேள்வி வரவில்லை. மாடி வீட்டுச் சாவி கைக்கு வந்தது.

அவருடைய பேத்தியும் என் மகளும் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் எங்கள் ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு என் காமிக்ஸ் பெட்டியைக் காலி செய்வார்கள். போன பொங்கலுக்கு எங்கள் தெரு விழாவில் பிள்ளைகளை வைத்து நாடகம் போடலாம் என்று வீட்டுக்காரம்மா கிளம்பியபோது, கதையும் அந்தப் பெட்டியிலிருந்தே போயிற்று. மகள் அட்டையில் ஒரு தொப்பி செய்து, தூங்கும்போதுகூடக் கழற்றாமல் திரிந்தாள். கடைசியில் தொப்பி பேத்தி தலைக்குப் போனது. என் மகளுக்குக் காட்டுக்கூட்டத் தலைவி வேஷம்.

"நம்ம பாப்பாவுக்குன்னா கரி பூசற வேலையே மிச்சமுங்க சார்" என்றார் வீட்டுக்காரம்மா, அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே. சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பிரியமாகச் சொன்னார்.

மாடிக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம பதியில யாருப்பா மனுசனைப் புடிச்சுத் திங்கறாங்க? அத்தையா?"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் கீழே இறங்கிப் போனேன். போர்ட்டிகோவில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, இந்த நாடகம் வேண்டாமுங்க. நீங்க காட்டுக்குள்ள தேடற ஆளுங்க நாங்கதானுங்க. உங்க மாடியிலதான் குடியிருக்கறோம். இதுவரைக்கும் யாரையும் அண்டாவுல போட்டதில்லீங்க."

"அட, நீங்க சொல்லவே இல்லீங்களே சார்" என்றார் வீட்டுக்காரம்மா. "நம்ம ஊட்ல அதெல்லாம் பாக்கறதே இல்லீங்க."

நாடகத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வள்ளி கும்மி ஆட்டம். வள்ளி யார்? மலையில் தினைப்புனம் காத்த பெண், எங்கள் பக்கத்து ஆள். வீட்டுக்காரம்மாவின் பேத்தி பட்டுப்பாவாடை கட்டி வள்ளியானாள். என் மகளைக் கும்மி வட்டத்தில் சேர்க்கவில்லை. இடம் பத்தாதாம். அத்தனை நீளத் தெருவில் ஒரு சின்னப் பெண் நின்று கைகொட்ட இடமில்லை! விழாவில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது, எனக்குப் பேப்பர் கப்பில். பேத்தி படிக்க எடுத்துப்போன காமிக்ஸெல்லாம் மறுநாள் ஒரு துணிப்பையில் மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கின.

பொங்கல் கழிந்ததும் வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க சார், எங்க தம்பி பையன் குடும்பத்தோட வாரானுங்க. மாடி வேணுமாட்ட இருக்குதுங்க. ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

இந்த ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் மரியாதை குறையாது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். இவ்வளவு மரியாதையை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? கதைகளில் எங்களைக் கண்டுபிடிக்கக் கடல் தாண்டி வருகிறார்கள். இங்கே நாங்களே வந்து நின்று சொன்னால், சொல்லியிருக்க வேண்டாம் என்கிற முகம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு வீடு பார்க்கப் போனேன். கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்கியது. வீட்டுக்காரர் வயதானவர். தண்ணீர் கொடுத்தார், அறை அறையாகக் காட்டினார். நல்ல வெளிச்சமான வீடு. ஜன்னலோரத்தில் காமிக்ஸ் பெட்டியை வைக்கலாம் என்று மகள் இடமே பிடித்துவிட்டாள்.

"எந்த ஊருங்க?"

"ஆனைமலைப் பக்கமுங்க."

"தோப்புங்களா?"

வீடு எனக்குப் பிடித்திருந்தது. பழைய சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது. மகள் முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க தாத்தா. அதுக்கும் மேல, காட்டுக்குள்ளீங்க. நாங்க பதி ஆளுங்க."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அப்படீங்களா கண்ணு, நல்லாப் படிக்கோணும்" என்று அவள் தலையைத் தடவினார். பிறகு என்னிடம் திரும்பி, "சொல்ல மறந்துபோட்டேன் பாருங்க. நேத்தே ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சுங்க" என்றார்.

வெளியே வந்தோம். அவர் கேட்டைச் சாத்திவிட்டு நடந்தார். மகள் அந்தப் போர்டின் முன்னால் நின்று எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"தாத்தா, போர்டைக் கழட்ட மறந்துபோட்டீங்க."

அவர் திரும்பவில்லை.