பளபளப்பு போன ஆறு கப்புகள்

மூன்று மணிக்குப் புதுச்சேரியிலிருந்து, மொத்தமாகக் கப்பு வாங்கும் பையர் வருகிறார். இரண்டரை மணிக்கு டெஸ்டிங் சூளையைத் திறக்கிறேன். காலையில் மின்னிய ஆறு டீ கப்புகளும் சாம்பல் தடவியதுபோல மங்கிக் கிடக்கின்றன. விருத்தாசலத்துப் பீங்கான் ஆலையில் இருபது வருடம் சூளை பார்த்தவன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். இந்த ஆர்டர் கைநழுவினால் ஒரு ஷிஃப்டையே நிறுத்த வேண்டியதுதான் என்று மேனேஜர் தாமஸ் சொல்லியிருந்தார்.

அன்று காலை திட்டக்குடியிலிருந்து கலைச்செல்வி என்ற ஆராய்ச்சி மாணவி எங்கள் சூளையைக் கேட்டு வந்திருந்தாள். கையில் மெக்னீசியம் ட்ரைஃப்ளூரோஅசிடேட் என்று வாயில் நுழையாத பெயருடன் ஒரு வெள்ளைப் பவுடர். மெதுவாக முந்நூற்றைம்பது டிகிரிக்கு ஏற்றினால் அது சிதைந்து தட்டில் ஃப்ளூரைடு மிஞ்சும். மற்றதெல்லாம் வாயுவாகப் போய்விடும். அந்த வாயுவைப் பிடிக்க, சூளையிலிருந்து ஒரு குழாயை இழுத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் பாட்டிலில் விட்டிருந்தாள்.

“அண்ணா, இதுலேர்ந்து வர்ற கேஸு கண்ணாடியையே அரிச்சுடும். உள்ள வேற எதுவும் வெச்சுடாதீங்க.”

“சரிம்மா” என்றேன். அவள் டீ குடிக்கப் போனாள். அவள் தட்டு உள்ளங்கை அளவுதான். மீதி இடமெல்லாம் காலி. எங்கள் ஊர்க்காரனுக்குக் காலி இடத்தோடு சூளை மூட்டுவது இலையில் சோற்றை மிச்சம் வைப்பது மாதிரி. பையர் முன்னால் சூடான கப்பைத் தண்ணீரில் முக்கி, விரிசல் விழவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அவள் வேலை முடிந்து இறங்குகிற சூடே அதற்குப் போதுமே! ஆறு கப்புகளையும் அடுக்கிக் கதவைச் சாத்தினேன்.

திறந்தபோது கலைச்செல்வி எட்டிப் பார்த்தாள். “என் பவுடரு சமத்தா ஃப்ளூரைடு ஆயிடுச்சுண்ணா. உங்க கப்பு மேல இருந்த கண்ணாடிப் பூச்சுதான் பாவம்.”

மூன்று மணிக்கு வந்த பையர், ஆறியிருந்த ஒரு கப்பைத் தடவினார். “அட, பளபளப்பில்லாத மேட் ஃபினிஷா? அழகா இருக்குதுங்க! எல்லாமே இப்படியே வேணும்.”

தாமஸ் கண் இமைக்காமல், “நம்ம ஸ்பெஷலுங்க சார்” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆர்டர் எங்களுக்குத்தான். ஆனால் அப்புறம் ஒவ்வொரு கப்புக்கும் அந்த நச்சு வாயுவை யார் கிளப்புவது? எனக்குப் பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

“சார், அது ஃபினிஷ் இல்லீங்க. நான் பண்ண தப்பு. கேஸு அரிச்சுட்டுது.”

தாமஸ் பார்த்த பார்வையில் இன்னொரு சூளையே மூட்டியிருக்கலாம். பையர் கப்பை மெதுவாகக் கீழே வைத்தார். “நல்ல வேளை, சொன்னீங்க. பளபளப்பாவே ஆறு அனுப்புங்க, பார்க்கலாம்.”

மறுநாளே அனுப்பினோம். ஆர்டர் வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை தாமஸ் என்னிடம் இருமல் மூலமாகத்தான் பேசினார்.

பிறகு மங்கிய கப்பு ஒன்றைச் சூளை மேலேயே வைத்துவிட்டார். நான் ரிட்டயர் ஆகும்வரை, கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: “யோவ், உள்ள எடம் காலியா இருக்குதே, மனசு கேக்குதா?”

கேட்காதுதான். ஆனால் பக்கத்துத் தட்டிலிருந்து என்ன வெளியே வரும் என்று விசாரிக்காமல் அதற்குப் பிறகு ஒரு கப்பைக்கூட நான் உள்ளே வைத்ததில்லை.