சல்லடையின் சம்மதம்

அவளுக்குச் சல்லடை என்று பேர் வைத்தவர்கள் முதல் அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள்தான். எழுதி முடித்த மென்பொருள் கடைசியாக அவள் மேசைக்கு வரும். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. மற்ற சோதனையாளர்கள் அதை எப்படிப் பயன்படுத்த வேண்டுமோ அப்படிப் பயன்படுத்திப் பார்ப்பார்கள். இவளோ அவசரக்காரனைப் போல, கோபக்காரனைப் போல, மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவனைப் போல எல்லாம் அழுத்திப் பார்ப்பாள். அவளைத் தாண்டி ஒரு கல்கூட மாவோடு போகாது. அதனால் சல்லடை. அந்தப் பேர் அவளுக்கும் பிடித்திருந்தது.

அங்கே மேலாளராக இருந்தவருக்கும் ஒரு பேர் உண்டு, முதுகுக்குப் பின்னால் மட்டும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற ஆள் என்பதால் விலாங்கு. குரல் தேன் மாதிரி இருக்கும். யாரையும் 'அம்மா', 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். யார் தோளிலாவது கை போட்டால், அந்தத் தோளில் ஏதோ சுமை ஏறப்போகிறது என்று அர்த்தம்.

அப்போது அவர்கள் பரிசோதனைக்கூட முடிவுகளை நோயாளியின் கைப்பேசிக்கு அனுப்பும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு முடிவுகள் ஒரே நேரத்தில் வந்தால் ஒருவருடையது இன்னொருவருக்குப் போனது. சல்லடை அதைக் கண்டுபிடித்து, இதை இப்போது வெளியே விடக்கூடாது என்று சொன்னாள். வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு விலாங்கு வெளியே விட்டார். ஒரு லாரி ஓட்டுநருக்கு யாருடைய ரத்தப் புற்றுநோயோ போய்ச் சேர்ந்தது. உண்மை தெரிவதற்குள் அந்த மனிதர் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி முடித்திருந்தார்.

வாடிக்கையாளர்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். நிறைந்த கூட்டத்தில் விலாங்கு எழுந்து, அடிபட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு பேசினார். சோதனை சரியாக நடந்திருந்தால் இது நடந்திருக்காது என்றார். "என்ன செய்யறது, எங்க சல்லடையில ஓட்டை பெருசாயிடுச்சு. கவனம் பத்தல" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அவளுக்குப் பேர் வைத்தவர்களும் இருந்தார்கள். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். போன இடமெல்லாம் 'ஓ, அந்தச் சல்லடையா?' என்று இழுத்தார்கள். அவள் ஒரு செருப்புக் கடையில் பில் போட உட்கார்ந்தாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அப்பா கேட்ட கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. யார் வாய்வழியாகவோ விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. படுத்த படுக்கையாக இருந்தவர், "ஏம்மா, கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா?" என்றார். அதட்டலே இல்லை, ஆதங்கம்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆனால் நம்பியதற்கான தலையாட்டல் அது இல்லை, மகள் மனசு நோகக்கூடாது என்பதற்கான தலையாட்டல். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து விலாங்கை அவள் மறக்கவே இல்லை. கடையில் யாருக்காவது செருப்புக் கடித்து அவர்கள் திட்டினால், அந்தத் திட்டையும் அவர் கணக்கில்தான் எழுதினாள்.

பிறகு ஒரு சின்ன சோதனை நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. சொந்தமாகச் சோதனையாளர்கள் வைத்துக்கொள்ள முடியாத புதிய கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பி உதவுவது அவர்கள் தொழில். மருத்துவ மென்பொருள் என்றால் மற்றவர்கள் நழுவுவார்கள். இவள் தேடிப் போய் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச காலத்தில் ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டது என்றால் அவளைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

அப்படி ஒரு நாள் வந்தது அந்த வேலை. ஒரு நோயாளியின் சரித்திரம் முழுவதையும் ஒரே இடத்தில் வைத்து, எந்த மருத்துவர் திறந்தாலும் தெரியும்படி செய்கிற புதிய கம்பெனி. ஒரு பெரிய ஆஸ்பத்திரி அதை வாங்க ஒப்புக்கொண்டிருந்தது. வெளியாள் ஒருவர் சோதித்துச் சொன்ன பிறகே தொடங்குவோம் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. கம்பெனி முதலாளியின் பேரைச் சல்லடை இரண்டு தடவை படித்தாள். விலாங்கேதான். உங்களுக்கு ஏதாவது சங்கடம் உண்டா என்று அவள் நிறுவனத்தில் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றாள்.

அவளைப் பார்த்ததும் விலாங்கு ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அட, நம்ம சல்லடை!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தன் ஆட்களைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணைக் கைபிடித்து வளர்த்துவிட்டதே தான்தான் என்று அறிமுகம் செய்தார். அவள் சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வேலை தொடங்கியது. நோயாளிகளைச் சேர்க்கும் பகுதியை எழுதிய பெண் பக்கத்து மேசையில் இருந்தாள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடி வருகிறவள், தலைமுடியைக்கூட அலுவலகம் வந்துதான் வாருவாள். தேநீர் குடிக்கும்போது ஒரு தடவை புலம்பினாள். ஒரே பேரில், ஒரே பிறந்தநாளில் இரண்டு பேர் வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குக் கவலை. 'இவரும் அவரும் ஒருவர்தானா?' என்று கேட்கிற ஒரு திரையை வைத்திருந்தாளாம். பதிவு வேகமாக முடிய வேண்டும், எடுத்துவிடு என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

சல்லடை தன் மேசைக்குப் போய்ச் சோதித்தாள். ஒரே பேர், ஒரே பிறந்தநாள். மென்பொருள் இரண்டு பேரையும் ஒட்டி ஒரே ஆளாக்கியது. பின்னால் வந்தவருடைய விவரம் நின்றது, முன்னவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தது சுத்தமாக மறைந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் மறைந்தது.

இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தொழில் தர்மம் அதுதான். அவள் சொல்லவில்லை. எழுத்துப்பிழை, பொத்தானின் நிறம், தேதி இடம் மாறியிருப்பது என்று சில்லறைத் தவறுகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள். விலாங்கு மகிழ்ந்துபோனார். "இவ்வளவுதானா? நான் பயந்துட்டேன்மா" என்றார். பயப்படாதே, இன்னும் கொஞ்சம் மேலே ஏறு, விழுந்தால் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவருக்குச் செய்து காட்டும் நாளைத்தான் அவள் குறித்து வைத்திருந்தாள்.

வீட்டில் அண்ணியிடம் மட்டும் சொன்னாள். அண்ணி வேறொரு ஆஸ்பத்திரியில் செவிலியர். நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ, இந்த வீட்டில் அது நடக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, அதை இதுவரை யாராவது பயன்படுத்துகிறார்களா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டாள்.

"அப்ப சரி. மாத்திரை எடுத்துக் குடுக்கிற கை எங்க கைடி. அதுக்குத்தான் கேட்டேன்" என்றாள். பிறகு ஒரு சட்டையை உதறி மடித்தாள். "மாமா போறப்ப உன் முகத்தைப் பாத்தவ நான். அந்த ஆளை விடாத."

செய்து காட்டும் நாள் வந்தது. ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் பெரிய திரை. தலைமை மருத்துவர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். விலாங்கு அரைமணி நேரம் தேன் ஊற்றினார். முடிந்ததும் சல்லடை எழுந்து, தான் ஒரு சோதனை செய்து காட்டலாமா என்று கேட்டாள். அவர் பெருந்தன்மையாகக் கையை விரித்து வழிவிட்டார்.

தலைமை மருத்துவரிடம் அவருடைய பேரையும் பிறந்தநாளையும் கேட்டு வாங்கி, அவரையே நோயாளியாகப் பதிந்தாள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாள். பென்சிலின் என்றார். அதையும் பதிந்தாள். பிறகு அதே பேரில், அதே நாளில் பிறந்த இன்னொருத்தி கால்வலி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லி, அவளையும் பதிந்தாள். முதல் நோயாளியைத் திறந்தாள். திரையில் கால்வலி இருந்தது. பென்சிலின் இல்லை.

தலைமை மருத்துவர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார்.

"என்னைக் கொன்னுட்டீங்களே" என்றார், சாதாரணமாக.

விலாங்கின் முகம் வெளுத்துப்போவதைச் சல்லடை நின்று பார்த்தாள். இத்தனை வருடம் மனசில் ஓட்டிப் பார்த்ததை விட நன்றாகவே இருந்தது. நாக்கில் இனிப்பு ஊறியதுபோல இருந்தது.

அது கொஞ்ச நேரம்தான். விலாங்கு அடிபட்ட முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். பின்வரிசைப் பக்கம் கையை நீட்டினார். "இந்தப் பகுதியை எழுதினது இவங்கதான். எத்தனையோ தடவை சொல்லிட்டேன் டாக்டர். கவனம் பத்தல" என்றார்.

புரோகிராமர் பெண் எழுந்திருக்கவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் பாதியில் நின்றாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ஆட்டத்தை எல்லாப் பக்கமிருந்தும் யோசித்து வைத்திருந்த சல்லடை இந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. விலாங்கு விழும்போது இன்னொருத்தியைப் பிடித்து இழுப்பார் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியவள் அவள்தான்.

"அவங்க இல்ல சார்" என்றாள். "ஒரே ஆள்தானான்னு கேக்கிற திரையை அவங்க வச்சிருந்தாங்க. நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சல்லடை புரோகிராமர் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண், "எடுக்கச் சொன்னீங்க சார். இவங்க எல்லாரும் இருந்தப்பதான் சொன்னீங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு சல்லடை லாரி ஓட்டுநரின் கதையையும், தன்னை அனுப்பிய கதையையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தாள்.

தலைமை மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். "இந்தத் தப்பு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"கொஞ்ச நாளாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"இவர் யார் பக்கம் கையை நீட்டுவாருன்னு நீங்க பாக்கணும்னு."

அது பொய் என்று சொன்னவளுக்கே தெரியும். கேட்டவருக்கும் தெரிந்திருக்கும். "உங்க பழைய பகைக்கு என் ஆஸ்பத்திரிதான் கிடைச்சுதா?" என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார். அவருக்கு மென்பொருள் வேண்டும். காகிதக் கோப்புகள் தொலைந்து அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அதனால் கறாராகச் சொன்னார். அந்தப் புரோகிராமர் வேலையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பையும் சல்லடை சோதித்துச் சம்மதம் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். முதலாளியே நேரில் வந்து அந்தச் சம்மதத்தை வாங்கிப் போக வேண்டும். சல்லடைக்கும் ஒன்று சொன்னார். கண்டதை அன்றன்றைக்கே சொல்ல வேண்டும். இன்னொரு தடவை மறைத்தால் அவளும் வாசலுக்கு வெளியேதான்.

அவளுடைய நிறுவனத்திலும் கூப்பிட்டு நன்றாகக் காய்ச்சினார்கள். வாங்கிக்கொண்டாள். உப்பைத் தின்றால் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அசல் பழி. சம்மதம் வாங்க விலாங்கு அவள் அலுவலகத்துக்கு வருவார். வரவேற்பறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். அவள் பொய்யாக ஒரு தவறுகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை, உண்மையே ஏராளமாக இருந்தது. இணையம் பாதியில் அறுந்தால் என்ன, மருத்துவர் இரண்டு நோயாளிகளை ஒரே நேரத்தில் திறந்தால் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "திருத்திட்டு வாங்க சார்" என்பாள். அந்த 'சார்' அவளுக்கு அவ்வளவு ருசியாக இருந்தது. வீட்டுக்கு வந்து அண்ணிக்கு நடித்துக் காட்டுவாள். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு நாள் விலாங்கு களைத்துப்போய், உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டுவிட்டார். பழைய அலுவலகத்தில் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நடந்ததைச் சொல்லுங்கள் என்றாள். அதைச் செய்தால்தான் சம்மதம் என்று அவள் சொல்லவில்லை. அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பை அவள் கலைக்கவும் இல்லை.

அடுத்த தடவை எழுதிக்கொண்டு வந்து காட்டினார். 'எங்கள் குழுவின் கவனக்குறைவால் நேர்ந்த தவறு' என்று தொடங்கியது. சல்லடை முழுவதையும் படித்தாள்.

"இதுலயும் பிழை இருக்கு சார். 'எங்கள்' இல்ல, 'என்'. கவனக்குறைவும் இல்ல. தெரிஞ்சே செஞ்சது. திருத்திட்டு வாங்க."

திருத்திக்கொண்டு வந்தார். அதில் லாரி ஓட்டுநர் இல்லை. மறுபடி அனுப்பினாள். கடைசியில் வந்தது மூன்றே வரி. யார் எச்சரித்தார், யார் மீறினார், யார் யாரைப் பலி கொடுத்தார் என்று நேராக இருந்தது. பழைய அலுவலக ஆட்கள் எல்லாருக்கும் அவள் கண் முன்னாலேயே அனுப்பினார். அவளுக்குப் பரிதாபம் வரவில்லை. வருகிறதா என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை.

அன்று சாயங்காலம் பழைய ஆட்கள் சிலர் கூப்பிட்டார்கள். ஒருவர் அழுதேவிட்டார். அன்றைக்குச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை, சரி என்று மட்டும் சொல்லி வைத்தாள். அந்த மூன்று வரியைக் காட்டவேண்டிய ஆள் மட்டும் வீட்டில் இல்லை. அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள், அண்ணி அவள் தட்டை மூடி வைத்தாள்.

மென்பொருள் தேறி, ஆஸ்பத்திரியில் ஓடத் தொடங்கியது. புரோகிராமர் பெண் இப்போது அங்கே குழுவுக்குத் தலைவி. ஒரு நாள் தயங்கித் தயங்கி, முதலாளி ரொம்ப மாறிவிட்டார், நீங்கள் மன்னித்துவிடக் கூடாதா என்று கேட்டாள்.

"மாறட்டும். நல்லதுதான்" என்றாள் சல்லடை. "மன்னிக்கிறது என் வேலை இல்ல. புதுப் பதிப்பு வந்துடுச்சா?"

வந்திருந்தது. விலாங்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அவள் தேநீரை ஆற அமரக் குடித்துவிட்டு, வேலையைத் தொடங்கினாள்.