வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைத்த மால்

1. கும்பகோணத்தின் ஓரத்தில் ஒரு நஞ்சை வயலை மண் கொட்டி மேடாக்கினார்கள்.
2. அதன்மேல் ஒரு ஷாப்பிங் மால் எழும்பியது. ஊரின் முதல் எஸ்கலேட்டர் அதில் ஓடியது.
3. சவூதியில் எஸ்கலேட்டர் பராமரிக்கும் வேலை பார்த்துத் திரும்பியிருந்த, எங்களைப் பெற்ற அத்தா அதற்குப் பொறுப்பாளரானார்.
4. வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைத்தார்கள்.
5. என் தங்கை வெறுங்காலோடு ஏறினாள்.
6. மால் மெல்ல அடங்கியது.

இந்த வரிசையில் இன்றும் என்னைப் பயமுறுத்துவது நான்காவது வரி. கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளில் பாய் விரித்து உட்காரவைத்துத்தான் சேலை காட்டுவார்கள். செருப்பு வாசலிலேயே நின்றுவிடும். மால் திறந்த அன்று, முகம் தெரியும் கிரானைட் தரையைப் பார்த்ததும் சனங்கள் தாங்களாகவே செருப்பைக் கழற்றினார்கள். வயலின் சொந்தக்காரரான முதலாளிக்கு அதில் ஒரே பூரிப்பு. டோக்கன் கொடுக்க ஆள் போட்டு, ஸ்டாண்டே வைத்துவிட்டார்.

அத்தா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் சீப்பின் பற்களைப் போல ஒரு தகடு இருக்கும். படிகள் அதனடியில் நுழைந்து மறையும். செருப்பின் அடிப்பாகம் அதில் உரசினாலும் தாங்கும். குழந்தையின் விரல் தாங்காது.

"முதலாளி, வெறுங்காலோட ஏத்த வேணாங்க."

"நம்ம ஜனம் மரியாதை தெரிஞ்ச ஜனம், பாய். தரையைப் பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்கு."

"தரைக்கு ஒண்ணும் ஆவாதுங்க. காலுக்குத்தான் பயம்."

முதலாளி சிரித்தார். அத்தா மேல்முனையில், இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றார். வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை.

பெருநாளுக்குத் துணி எடுக்க உம்மா எங்களை அழைத்துப்போன மாலையில் கூட்டம் நெரிந்தது. கீழே இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஏறுக்கா, அது ஒண்ணும் உன்னக் கடிச்சிடாது."

"கடிக்காதுன்னா நீ முன்னாடி ஏறுடி!"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் தங்கை முன்னால் ஓடி ஏறி, மேலே பார்த்தபடி காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். நான் சில படிகள் கீழே நின்றேன். அவளுடைய பாவாடை நுனி படிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே நுழைவதைப் பார்த்தேன். அவசரமே இல்லாமல், யாரோ மடித்து வைப்பதுபோல் துணி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் எழ முயன்றாள், முடியவில்லை. மருதாணி வைத்த கால்விரல்கள் தகட்டை நோக்கிப் போயின. படிகள் உரசும் இரும்புச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை.

படிகள் வெடுக்கென்று நின்றன. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். அத்தா மண்டியிட்டுப் பாவாடையைக் கிழித்து அவளைத் தூக்கினார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

விழுந்தவர்களில் ஒரு பெரியவருக்குக் கை முறிந்திருந்தது. முதலாளி ஓடிவந்தார். "ஒம்ம பொண்ணுங்கிறதாலதானே பாய் நிறுத்துனீரு?"

"முகத்தப் பார்க்கலைங்க. காலத்தான் பார்த்தேன்," என்றார் அத்தா. யாருடைய பிள்ளை என்பது தூக்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த இயந்திரம் பிள்ளைகளின் காலைத் தின்னும் என்ற பேச்சு மயிலாடுதுறை வரை போனது. செருப்பு ஸ்டாண்டை அன்றே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மாடிக்குப் போக ஆளில்லை. மாடிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அத்தா மறுபடி சவூதிக்கு விசா எடுத்தார்.

இப்போதைய நிலவரம் இது. கீழ்த்தளத்தில் ஒரு பலசரக்குக் கடை நடக்கிறது. மாடி பூட்டியிருக்கிறது. அத்தா சவூதியை முடித்துக்கொண்டு முத்துப்பேட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் இருக்கிறார். தங்கை எங்கே போனாலும் லிஃப்ட்டைத் தேடுகிறாள். நான் சென்னையில் எஸ்கலேட்டர்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எல்லா அளவும் சரியாக இருந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.