விஜயநகரில் இரண்டு முழம் மல்லிகை

மைசூர் விஜயநகரில் ஒரு பஸ் நிறுத்தத்தில் அக்காவும் நானும் காத்திருக்கிறோம். ஹனூரிலிருந்து காலையில் வந்தோம். அக்காவின் மடியில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே இரண்டு முழம் மல்லிகை.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு, கல்யாணமாகாமல் பெற்ற பெண் குழந்தையை அக்கா தத்துக் கொடுத்தாள். தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான். மகளைப் பார்த்து அவள் தலையில் பூ வைத்த பிறகுதான் தானும் வைப்பதாக அக்கா அன்றே மாதேஸ்வரனிடம் வேண்டிக்கொண்டாள். இதுவரை வைத்ததில்லை.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அந்தப் பெண் வருகிறாள். அக்காவின் அதே நெற்றி, ஆனால் பொட்டில்லை. காதும் கழுத்தும் வெறுமையாக இருக்கின்றன. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நான் தரையைப் பார்க்கிறேன்.

அக்கா பொட்டலத்தைப் பிரிக்கிறாள். "திரும்பு சாமி, வெச்சு உடறேன்."

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "பேஜார் பண்ணிக்காதீங்கம்மா, வருத்தப்படாதீங்க. எங்க சபையில பூ வெக்க மாட்டோம்."

"ஒரு கிள்ளுதான். ஊட்டுக்குப் போறப்ப எடுத்துப் போட்டுரு."

"ஆண்டவரை ஏமாத்தின மாதிரி ஆயிடும்மா. உங்களைக் காட்டுன்னு தினமும் அவர்கிட்டதான் கேட்டேன்."

அக்காவின் தலையில் கைவைத்து, கண்ணை மூடி ஜெபிக்கிறாள். அக்கா கண்ணை மூடவில்லை. மகளின் கொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்கூட்டர் போய் மறைகிறது.

"பாத்தாச்சில்லக்கா, நீயாவது வெச்சுக்க" என்கிறேன்.

"பாத்தாப் போதும்னா வேண்டுனேன்? அவ தலையில ஏறாதது என் தலையில எப்படிடா ஏறும்?"

பூவை மறுபடியும் இலையில் சுற்றி, அதே நாரால் இறுக்கிக் கட்டுகிறாள்.