பாஸ் ஓவர் கேட்ட ராஜேஸ் அக்கா

அன்று தொலைபேசியில் நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: “அது ராஜேஸ் அக்காவோட ஷிஃப்ட்.”

மருத்துவமனைகளுக்குத் தற்காலிகத் தாதியரை அனுப்பும் எங்கள் ஏஜென்சியிலிருந்து செல்வி அழைத்திருந்தார். “ராஜேஸ் போயிட்டாங்கம்மா. மாசாய் ரோட்ல லோரி மோதிருச்சு.” பிறகு, “நாளன்னிக்குக் காலையில ஜொகூர் பாருல ஆளு குறையுது. நீ போறியா?” என்றார். அதைக் கேட்பதுதான் அவர் வேலை. போகிறேன் என்றேன். அதன்பின் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்து மடித்திருந்த சீருடையை எடுத்து மறுபடியும் துவைத்தேன்.

ராஜேஸ் அக்காவுடன் வேலை செய்த எல்லோருக்கும் அவர் வாய் தெரியும். வார்டுகளில் எங்களுக்குப் பெயர் கிடையாது. “ஏஜென்சி, இங்க வா,” என்பார்கள். “ஏஜென்சி ஆபீஸ்ல இருக்கு. நான் ராஜேஸ்வரி,” என்பார் அக்கா, சிரிக்காமல்.

பொந்தியான் மருத்துவமனையில் நடந்ததை ஒரு நாள் உணவகத்தில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அதற்கு முன்பு அவர் வேலை செய்த இடத்தில், நோயாளியின் கையில் மஞ்சள் பட்டை கட்டியிருந்தால் விழுந்துவிடக்கூடியவர் என்று பொருள். பொந்தியானில் அதே மஞ்சள், மருந்து ஒவ்வாமைக்கு. முந்தைய ஷிஃப்ட் ஒவ்வொரு கட்டிலாக நின்று நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் பாஸ் ஓவரில் அதைச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அக்காவை நோயாளிகளைக் குளிப்பாட்ட அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் பட்டை கட்டிய ஒருவருக்கு, டாக்டரும் கவனிக்காமல், ஆகாத மருந்தையே எழுதிவிட்டார்.

“ஊசி கையில இருக்கு. பட்டையையும் பாக்குறேன். விழுந்துருவாருன்னு கட்டில் கம்பிய வேற நல்லா ஏத்தி விட்டிருக்கேன், பாத்துக்க,” என்றார். பக்கத்திலிருந்த அந்த மனிதரின் மனைவிதான் கையைப் பிடித்திருக்கிறார்: “மிஸ்ஸி, இவருக்கு அந்த மருந்து ஆகாதுன்னு நேத்தே சொன்னேனே.”

அக்கா முள்கரண்டியைக் கீழே வைத்தார். “அந்தம்மா டீ குடிக்கப் போயிருந்தா என்னா ஆயிருக்கும்?”

அதன்பின் பாஸ் ஓவர் கேட்காமல் அவர் எந்த நோயாளியையும் தொட்டதில்லை. ஜொகூர் பாரு வார்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து போன காலையில் வார்டுப் பொறுப்பாளரான சிஸ்டர், “நீங்க ரெண்டு பேரும் குளிப்பாட்டப் போங்க. பாஸ் ஓவர் எங்க ஆளுங்களுக்கு,” என்றார்.

“கேட்டுட்டுப் போறேன் சிஸ்டர்.”

“நான் ஏஜென்சிக்குக் கம்ப்ளேன் பண்ணினா இங்க உங்களுக்கு வேலை இருக்காது.”

“பண்ணுங்க சிஸ்டர். பாஸ் ஓவர் முடியட்டும்.”

கட்டிலின் கால்மாட்டில் அசையாமல் நின்றார். நான் கையில் வாளியோடு இருவருக்கும் நடுவில் நின்றேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு புகார் போதும், அந்த வார்டின் கதவு அடைபட்டுவிடும். அக்கா மேல் புகார் போனது. அவர் கோத்தா திங்கி வரை மோட்டார் சைக்கிளில் போய் வேலை பார்த்தார். சில மாதங்களில் ஆள் போதாமல் அதே வார்டு அவரைக் கேட்டு வாங்கியது. “ஆளு இல்லன்னா நம்ம வாயும் இனிக்கும் லா,” என்றார்.

இறுதிச் சடங்குக்கு மறுநாள் அந்த வார்டுக்குப் போனேன். அதே சிஸ்டர்.

“ராஜேஸ் வரலையா?”

பெயரைச் சொல்லித்தான் கேட்டார். தவறிவிட்டார் என்றேன். அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். பிறகு, “சரி, நீ போயி முதல் கட்டில்லேருந்து குளிப்பாட்டு,” என்றார்.

அக்காவின் துணிச்சல் எனக்கு வரவில்லை. அவருடைய வாயும் வராது. அவர் நின்ற இடம் மட்டும் எனக்குத் தெரியும். கால்மாட்டில் போய் நின்றேன். “கேட்டுட்டுப் போறேன் சிஸ்டர்,” என்றேன். கடைசிக் கட்டில்வரை கேட்டேன்.

மறுநாள் செல்வி அழைத்தார். அந்த வார்டுக்கு இனி என்னை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.