கான்டெஸாவுக்கு ஒரு டர்போவும் இரண்டு பார் ஐஸும்

"சார், உங்க வண்டி ஒழுகுது. ஆயிலா... பெட்ரோலா?"

"ரெண்டும் இல்ல தம்பி. ஐஸ்."

போன ஞாயிற்றுக்கிழமை, ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் ஓட்டுதளம். சிவப்புக் கொடியோடு ஓடி வந்தவர் என் முகத்தையும் டிக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், கார் பந்தயம் நடத்திப் பழகியவர்தான். ஆனால் ஐஸ் ஃபேக்டரிக்காரன் பந்தயத்துக்கு வந்து பார்த்ததில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். படிப்பு மூன்றாம் வகுப்பு. தலையில் ஐஸ் சுமந்து ஆரம்பித்தவன், இன்று பாம்பனில் ஒன்று, மண்டபத்தில் ஒன்று என்று இரண்டு ஃபேக்டரிக்கு முதலாளி. என் ஐஸ் ஏறாத படகு இந்தக் கரையில் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை... சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

முதல் ஃபேக்டரி லாபத்தில் வாங்கியது அந்தக் கருப்பு கான்டெஸா. கப்பல் மாதிரி வண்டி. கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம் வரும். கிளம்பச் சொன்னால்... கிளம்பும். யோசித்துக் கிளம்பும்.

பழைய கார்களுக்கு நேர்கோட்டில் நானூறு மீட்டர் பந்தயம் என்று கேள்விப்பட்டதும் கை அரித்தது. பேர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், என் மனைவி அருளம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நிமிரவே இல்லை.

"ஓட்டுங்க. செயிச்சா வண்டி இருக்கட்டும். தோத்தா அத வித்துட்டு ஷெட்ட எனக்குக் காலி பண்ணித் தரணும். கருவாட்டு மூட்டைய அடுக்க எடமில்லாமக் கெடக்கேன்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

மெக்கானிக் வேலைக்கு அவள் தம்பி இன்னாசி. விசைப்படகு எஞ்சினில் கை வைத்தே தலை நரைத்தவன். வாய் கொஞ்சம் நீளம்.

"ஏலே இன்னாசி, பேசாம படகு எஞ்சின் ஒண்ணத் தூக்கி வச்சிருவோமா? ஆறு சிலிண்டர். இழுவ எப்பிடி இருக்கும்."

"வைக்கலாம் மச்சான். வண்டி முன்னால அமுங்கி, மூக்கால உழுதுக்கிட்டே போகும். நீங்க பின்னாலயே வெத தூவிட்டு வரலாம்."

கடைசியில், விபத்தில் அடிபட்ட ஒரு காரிலிருந்து டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின் கிடைத்தது. அளவில் சின்னது. பலத்தில் பழையதுபோல இரண்டு பங்கு. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது? எஞ்சினை மாற்றினோம், கிளட்ச் வழுக்கியது. கிளட்சை மாற்றினோம், கியர் பாக்ஸ் பல்லைக் கொட்டியது. கியர் பாக்ஸை மாற்றினோம், பின் ஆக்சில் முறுக்கிக்கொண்டது. கல்யாண வீட்டில் ஒரு நாத்தனாருக்குச் சேலை எடுத்தால் வரிசையாக எல்லோருக்கும் எடுக்க வேண்டியிருக்குமே — அந்தக் கதைதான்.

ஆக்சிலோடு சேர்த்து கிரவுன் பினியனையும், அதாவது எஞ்சினின் சுற்றைப் பின் சக்கரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் பல் சக்கரங்களையும், மாற்றச் சொன்னான் இன்னாசி.

"எதுக்குலே? எஞ்சின்லதான் அம்புட்டு பலம் இருக்கே."

"மச்சான், பெரிய எஞ்சின் வச்ச போட்டுல தோதில்லாத விசிறிய மாட்டுனா என்ன ஆகும்?"

"நுரைதான் அடிக்கும். போட்டு நகராது."

"பொறவு எதுக்குத் தெரியாதவரு மாதிரி கேக்கீங்க?"

மாற்றினோம். மேல் வேகம் கொஞ்சம் குறையும், கிளம்புகிற இழுவை கூடும். நானூறு மீட்டரில் மேல் வேகத்தை யார் தேடப் போகிறார்கள்?

ஒன்று கவனித்தேன். புது எஞ்சின் வாங்கியிருக்கேன் என்றால் டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து வந்து பார்க்கிறார்கள். கிரவுன் பினியன் வாங்கியிருக்கேன் என்று சொல்லிப் பாருங்கள்... டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வண்டியை நகர்த்துவது என்னவோ அதுதான்.

அடுத்த சிக்கல் வந்தது. பலம் மொத்தமும் சக்கரத்துக்கு வந்ததும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விட்டது. அத்தனை கனமான காருக்குப் பின்பக்கம் கனம் போதவில்லை. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஒரு கட்டி ஐம்பது கிலோ தேறும் பார் ஐஸ் இரண்டைச் சாக்கில் சுற்றி டிக்கியில் இறக்கினேன். விடிகாலையில், ஃபேக்டரி வளாகத்துக்குள்ளேயே சோதித்தோம். வண்டி பின்னால் அமர்ந்து எழுந்து பாய்ந்ததில் என் தொப்பை முதுகைத் தொட்டுவிட்டு வந்தது.

ஆனால் பந்தயம் நடந்தது உச்சி வெயிலில். வரிசையில் வேறு நிற்க வைத்தார்கள். ஐஸ் விற்றே பிழைத்தவன், ஐஸ் உருகும் என்பதை மறந்துவிட்டேன்.

தளத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் ஓட விட மாட்டார்கள். பின்னால் வருகிற வண்டி வழுக்கிவிடும், நியாயம்தானே? ஐஸை இறக்கிவிட்டு வந்தால் ஒரே ஒரு ஓட்டம் உண்டு என்றார்கள். பக்கத்துத் தடத்தில் மதுரை டாக்டர் ஒருவரின் நீளமான வெளிநாட்டுக் கார் உறுமிக்கொண்டிருந்தது.

"கனத்துக்கு இப்ப என்னலே பண்றது?"

இன்னாசி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். "இருக்கே மச்சான். இது ஒழுகவும் செய்யாது."

எங்கள் பிரிவில் ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டுப் பின் சீட்டில் ஒருவர் உட்காரலாம். நான் பின்னால் போனால் ஓட்டுவது யார்? இன்னாசிக்குக் கடலில்தான் ஓட்டத் தெரியும்.

வேடிக்கை பார்க்க எங்களோடு வந்திருந்த அருளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "தள்ளுங்க."

அவள் ஓட்டுவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆரம்ப காலத்தில் தேவிபட்டினம், உப்பூர் என்று ஐஸ் வேனைக் கொண்டுபோனவளே அவள்தான். மணலில் பாரத்தோடு நிற்கிற வேனைச் சக்கரம் சுற்றாமல் கிளப்புவாள். கிளட்சில் அப்படி ஒரு பதமான கால்.

என் பயம் வேறு. தோற்றால் ஷெட் அவளுக்கு. கிளட்சை ஒரு கண்சிமிட்டல் தாமதமாக விட்டால் போதுமே... யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

"அருளு, ஷெட்டு வேணா தனியாக் கட்டித் தாரேன்" என்றேன் பின்னாலிருந்து.

"பேசாம நல்லாச் சாஞ்சு உக்காருங்க. கனம் பின்னால வேணுமாம்."

பச்சை விளக்கு எரிந்தது. டாக்டர் வண்டி சக்கரம் சுற்றிப் புகையில் மறைந்தது. எங்கள் வண்டி புகையே விடவில்லை. பின்னால் அமர்ந்தது, தரையைக் கவ்வியது, கிளம்பியது. என் தலை சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு டாக்டர் வண்டியின் மூக்கு என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தது... வந்ததே தவிர, தாண்டவில்லை. கோடு வந்துவிட்டது.

இறங்கியதும் கேட்டேன். "வேணும்னே தோத்திருக்கலாம்ல? ஷெட்டு கெடச்சிருக்கும்."

ஹெல்மெட்டைக் கழற்றிக் கொண்டையைச் சரிசெய்தாள். "வித்துட்டா நான் எத ஓட்டுறது?"

சாவி இப்போது அவளிடம். எனக்கு வருத்தமா என்று கேட்காதீர்கள். அந்த வண்டிக்கு நாங்கள் தேடித் தேடிப் போட்ட சாமான்களிலேயே முதல் தரமானது டர்போவும் இல்லை, கிரவுன் பினியனும் இல்லை... பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த நான்தான்.