இரண்டு சீட்டு வண்டிக்குப் பதினொரு பெயர்

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. பெண் பார்க்க வந்தவர்களானாலும் நிலம் பார்க்க வந்தவர்களானாலும், "ஜெபிச்சிட்டுச் சொல்லுதோம்" என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். சபைக்குப் போகிற குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். என் தங்கைக்கு வந்த முதல் மூன்று வரன்களும் அப்படி ஜெபிக்கப் போனவர்கள்தான், இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த வார்த்தையை நம்பி ஒரு தாளில் பதினொரு பெயரை எழுதிக் கொடுத்தேனே, அந்தக் கிறுக்குத்தனத்தை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

மார்த்தாண்டத்தில் ஒரு கார் ஷோரூமில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் விற்றதெல்லாம் ஒரே ஜாதி வண்டி: வெள்ளை நிறம், நல்ல உயரம், முடிந்தால் ஏழு சீட்டு. வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் மாறவில்லை. மைலேஜ் எவ்வளவு தரும், பின்னால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாமா, டிக்கியில் எத்தனை பலாப்பழம் கொள்ளும், நாளைக்கு விற்றால் என்ன விலைக்குப் போகும். வாங்குவதற்கு முன்பே விற்பதைப் பற்றிக் கேட்கிற ஜனம். ஓட்டுவதற்கு எப்படி இருக்கும் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், என்னிடம் கேட்டதில்லை.

எனக்கோ சிறு வயதிலிருந்தே வண்டிப் பைத்தியம். தரையோடு ஒட்டி, எடை குறைந்து, ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் துள்ளுகிற வண்டிகளைப் படத்தில் பார்த்தே வளர்ந்தேன். அவை இங்கே வரும்போது மட்டும் ஒரு வீட்டின் விலையில் வருகின்றன. சம்பளக்காரன் வாங்குகிற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய ஏன் ஒரு கம்பெனிக்கும் மனசு வரவில்லை? வருடாந்திரக் கூட்டத்தில் இதையே எழுந்து நின்று கேட்பேன். "அண்ணன் இப்பம் எழும்புவாரு பாரு" என்று கூட இருப்பவர்கள் முன்கூட்டியே சிரிப்பார்கள். கம்பெனிக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்பதுதான் என் கட்சி.

போன வருடம் அப்படி ஒரு வண்டி உண்மையாகவே வந்தது. இரண்டு கதவு, இரண்டே சீட்டு, மஞ்சள் நிறம். பத்து நாளைக்கு எங்கள் ஷோரூமில் நிறுத்தச் சொல்லி, சென்னையிலிருந்து மண்டல மேலாளர் கூடவே வந்தார்.

"நம்ம ஏழு சீட்டு வண்டி விலைதான் சார் இதுக்கும். ஆனா தொழிற்சாலையில இதுக்குன்னு தனி அச்சு செய்யணும், தனி உற்பத்தி வரிசை போடணும். அந்த வரிசையில ஏழு சீட்டு செஞ்சா கண்ணை மூடிக்கிட்டு விக்கும். இது விக்கலைன்னா போட்டதெல்லாம் மண்ணு. அதான் ஊர் ஊரா கேட்டுப் பார்க்கிறோம். உறுதியா வாங்குறவங்க பத்து பேர் பெயர் குடுங்க, தலைமை ஆபீஸ்லருந்து பேசுவாங்க" என்றார். பிறகு சிரித்தார். "இந்த வண்டி ரோட்டுல ஓடணும்னு எல்லாருக்கும் ஆசைதான். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் வாங்கணும்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "எங்க ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. பத்து என்ன, பதினொண்ணு தாறேன்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் வண்டியை அஞ்சுகிராமம் வரை ஓட்டிப் போனேன். எங்கள் மேற்குப் பக்கத்தில் ஒரு பர்லாங்குக்கு ஒரு வேகத்தடையும், முன்னால் ஒரு கல் லாரியும் நிச்சயம். கிழக்கே போகப் போகத்தான் சாலை விரிந்து கொடுக்கும். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, மூன்றாவது கியரில் அந்த எஞ்சின் பாடியதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஐம்பத்து மூன்று வயதில் தனியாகக் கத்திச் சிரித்தேன்.

அந்தப் பத்து நாளும் ஷோரூமில் தேர்க்கூட்டம். வளைகுடாவில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி கொள்ளாம் கேட்டியளா, அங்க உள்ள வண்டிய ஒண்ணும் இதுக்க கிட்ட நிக்காது" என்று கதவைத் தட்டிக் கொடுத்தார். கூட வந்திருந்த அவருடைய அம்மா வண்டியைச் சுற்றிவந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மக்களே, சபை முற்றத்துல நிப்பாட்டிப் போதகரு ஜெபிக்கும்போ நாங்க எல்லாரும் எங்க இருக்கியது?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. புது வண்டி வாங்கினால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் நிறுத்துவார்கள். குடும்பம் மொத்தமும் உள்ளே ஏறி உட்காரும், போதகர் பானெட்டில் கைவைத்து ஜெபிப்பார். அதன் பிறகே அது அவர்களுடைய வண்டி. மகன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன் சாறே" என்றார். நான் அவர் பெயரை எழுதிக்கொண்டேன்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் படகு முதலாளி ஒருவர், "மாதாகிட்டச் சொல்லியாச்சு, அம்மை தந்தா எடுத்திரலாம்" என்றார். எழுதினேன். எல்லாரையும்விட அழகாக ஓட்டியவர் ஒரு இளம் பெண் டாக்டர். வீட்டில் அவருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அவரும் ஜெபிக்கப் போனார். எழுதினேன். பதினொன்று முடிந்ததும் தாளை மேலாளருக்கு அனுப்பிவிட்டு, என்னமோ தொழிற்சாலையையே கட்டி முடித்தவன் மாதிரி ஒரு டீ குடித்தேன்.

ஒரு வாரத்தில் அவர் கூப்பிட்டார். "சார், பதினொரு பேரும் பிரேயர்ல இருக்காங்களாம். ரெண்டாவது தடவை நானே பேசிட்டேன், அப்பவும் பிரேயர். உங்க ஊர்ல ஏதாவது விசேஷமா?"

எனக்கு ஜனத்தின் மேல் அப்படி ஒரு கோபம். உட்கார்ந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பது இவர்களுக்காகத்தான் சொல்லி வைத்தது. போனிலேயே பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பத்து கேட்டேன், பதினொண்ணு குடுத்தீங்க. அதுல உங்க பெயர் இல்லையே சார்?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை.

"நீங்க எடுத்தா உங்க ஊர்ல ஒண்ணுன்னு போடுவேன். ஒண்ணுமில்லாத ஊரைவிட அது மேல். திங்கட்கிழமை சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் மறுப்பாள் என்று நம்பித்தான் சொன்னேன் என்பது இப்போது புரிகிறது. அவள் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "வாங்குங்க. ஒங்களுக்கு எத்தன வருசத்து ஆசை" என்றாள்.

"ரெண்டு சீட்டுதான் உண்டு கேட்டியா."

"பிள்ளைய ரெண்டும் பெங்களூருல. இங்க நாம ரெண்டு பேருதானே இருக்கோம், போராதா?"

"கிறிஸ்துமசுக்குப் பிள்ளைய வந்தா?"

"ஆட்டோ இல்லியா?"

"வேகத்தடையில அடி தட்டும். நாளைக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக நான் வீட்டுக்கு வந்து திட்டுகிற வாடிக்கையாளரை நேரில் பார்க்கிற பார்வை அது. பிறகு கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனியும் ஞாயிறும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பணம் இருந்தது, அனுமதி இருந்தது, இரண்டு சீட்டில் உட்கார இரண்டே பேர் இருந்தார்கள். தடுக்க யாராவது வரமாட்டார்களா என்று தேடினேன், ஒருத்தரும் வரவில்லை. சபை முற்றத்தில் அந்த மஞ்சள் வண்டியை எத்தனையோ தடவை மனதில் நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சுற்றி நின்று சிரிக்கிற முகங்கள்தான் தெரிந்தன.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. "என்ன சார், எழுதிக்கவா?" என்றார்.

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வரவில்லை.

"ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

பதினொரு பேரிடம் பேசியதில் அவருக்கு எங்கள் ஊர் வழக்கம் பிடிபட்டிருந்தது.

"சரி சார்," என்றார், "இல்லைன்னே எழுதிக்கிறேன்."